பிராங்பேர்ட்டின் நாளங்காடி

பகலில் கூடும் சந்தையை நாளங்காடி என்றும் இரவில் கூடும் சந்தையை அல்லங்காடி என்றும் மதுரைக்காஞ்சி பிரித்துச் சொல்கிறது. ஊர் ஒன்றே ஆனாலும் காலையில் விற்கும் பொருளும் வாங்கும் ஆளும் வேறு, இரவில் விற்கும் பொருளும் வாங்கும் ஆளும் வேறு என்பதைச் சங்கப் புலவர் கண்டுகொண்டதைப் போலவே, இன்று உலகின் பல நகரங்களில் உணவுச் சுற்றுலா நடத்துவோரும் கண்டுகொண்டிருக்கிறார்கள். உணவுச் சுற்றுலா என்பது, ஊரறிந்த வழிகாட்டி ஒருவர் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு ஒரு சந்தைக்குள் நுழைந்து, ஐந்தாறு கடைகளில் நிறுத்தி, ஒவ்வொன்றிலும் ஒரு வாய் உண்ணக் கொடுத்து, அந்த உணவு அங்கு வந்து சேர்ந்த கதையை இரண்டு மூன்று மணி நேரத்தில் சொல்லி முடிப்பதாகும். இரவுச் சுற்றுலா பெரும்பாலும் குடியையும் கேளிக்கையையும் நோக்கிப் போக, காலைச் சுற்றுலா மட்டுமே ஒரு நகரம் தன் வீட்டு அடுப்புக்கு என்ன வாங்குகிறது என்பதைக் காட்டுகிறது.

இவ்வகைச் சுற்றுலாவுக்குப் பெயர்பெற்ற நாடுகளுள் ஒன்று கம்போடியா. வெயில் ஏறுமுன் சந்தை களைகட்டிவிடும் அந்நாட்டில், தலைநகர் புனோம் பென்னின் நடுவே 1937இல் பிரெஞ்சு ஆட்சியாளர்கள் கட்டிய பெரிய குவிமாட மண்டபமான பசார் துமெய் என்னும் சந்தையிலும், அதைச் சுற்றியுள்ள தெருக்களிலும், அயலார் கூட்டம் காலையிலேயே நும் பான் சொக் என்னும் உணவைத் தேடி வருகிறது. புளிக்க வைத்த அரிசி மாவை இழை இழையாகப் பிழிந்து வேகவைத்து, அதன்மேல் மீனும் எலுமிச்சைப் புல்லும் பச்சை மஞ்சளும் சேர்த்து அரைத்துக் காய்ச்சிய பச்சை நிறக் குழம்பை ஊற்றி, வாழைப்பூவும் வெள்ளரியும் தூவித் தரப்படும் இந்த உணவு, இடியாப்பமும் மீன்குழம்பும் உண்டு வளர்ந்த தமிழருக்கு அயலாகத் தோன்றாது. பச்சைக் குழம்பைக் காலையில் சந்தையில் நின்று உண்ணும் கம்போடியரைப் போலவே, பச்சைக் குழம்பு ஒன்றுக்குச் சிலையெடுக்காத குறையாக மதிப்பளிக்கும் நகரம் ஐரோப்பாவிலும் உண்டு. அது ஜெர்மனியின் பிராங்பேர்ட். சிலைக்குப் பதிலாக அங்கே எழுப்பப்பட்டது என்ன என்பது பின்னர் வரும்.

மைன் ஆற்றங்கரையில் உள்ள இந்நகரம் வங்கிக் கோபுரங்களாலும் விமான நிலையத்தாலும் மட்டுமே வெளியாருக்கு அறிமுகமாவதால், இதற்கென ஒரு நாக்கு உண்டு என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. ஆனால் 794ஆம் ஆண்டிலேயே ஏட்டில் இடம்பெற்றுவிட்ட இவ்வூரின் தெருப் பெயர்களைத் தமிழாக்கிப் படித்தாலே அது பழைய சந்தையூர் என்பது விளங்கிவிடும்: வெக்மார்க்ட் என்பது ரொட்டிச் சந்தை, கோர்ன்மார்க்ட் என்பது தானியச் சந்தை, ரோஸ்மார்க்ட் என்பது குதிரைச் சந்தை, ஹூனர்மார்க்ட் என்பது கோழிச் சந்தை. நகரின் பெரிய கலைக்கூடத்திற்கு வழங்கும் ஷிர்ன் என்ற பெயர்கூட, அவ்விடத்தில் ஒரு காலத்தில் இறைச்சி விற்றோரின் திறந்த கடைத்தட்டைக் குறித்த சொல்லே. கடைவீதிகளுள் ஒன்றை மக்கள் ஃபிரெஸ்காஸ், அதாவது தின்னும் சந்து, என்றே அழைக்கின்றனர். ஜெர்மன் மொழியில் மனிதர் உண்பதற்கு ஒரு சொல்லும் விலங்கு தின்பதற்கு வேறொரு சொல்லும் இருக்க, பிராங்பேர்ட்டார் தம் தெருவுக்கு இரண்டாவதையே தேர்ந்துகொண்டது அவர்களுடைய நையாண்டிக்குச் சான்று.

முயல் சந்து மண்டபம்

காலைச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் தொடங்குவது ஹாசன்காஸ் என்னும் தெருவில், அதாவது முயல் சந்தில், அமைந்துள்ள கிளைன்மார்க்ட்ஹால என்னும் மண்டபத்தில்தான். ‘சிறிய சந்தை மண்டபம்’ என்பது இதன் பொருள். ஏறத்தாழ 1,500 சதுர மீட்டர் பரப்பில் 156 கடைத்தட்டுகளும் அறுபதை ஒட்டிய எண்ணிக்கையில் வணிகர்களும் கொண்ட இம்மண்டபத்தைச் சிறியது என்பது மொத்த வணிகத்திற்கென நகரின் கிழக்கே எழுந்த பெரிய மண்டபத்தோடு ஒப்பிட்டுத்தான். அந்தப் பெரிய மண்டபத்தின் கதை வேறு, அதற்குத் தனி இடம் வேண்டும்.

தெருக்களில் சிதறிக் கிடந்த கடைகளை ஒரு கூரைக்குள் கொண்டுவந்தால் தூய்மையும் கண்காணிப்பும் எளிதாகும் என்ற எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் பரவியபோது, பிராங்பேர்ட்டும் 1879இல் இதே பகுதியில் இரும்பாலும் கண்ணாடியாலும் ஆன ஒரு சந்தை மண்டபத்தைத் திறந்தது. 1944 மார்ச் மாதத்தில் நேச நாட்டு விமானங்கள் நடத்திய குண்டுவீச்சில் மரச்சட்ட வீடுகள் நெருங்கி நின்ற பழைய நகரம் எரிந்து சாம்பலானபோது அம்மண்டபமும் அழிந்தது. பத்தாண்டுகளுக்குப் பின், 1954இல், கெர்ஹார்ட் வேபர், குன்தர் காட்வால்ட் என்னும் இரு கட்டடக் கலைஞர்களின் வரைவில் எழுந்ததே இன்றைய கட்டடம். போருக்குப் பிந்தைய சிக்கனம் அதன் ஒவ்வொரு கோணத்திலும் தெரிகிறது. அலங்காரம் ஏதுமில்லை, வெளிச்சமும் நடைபாதையும் மட்டுமே உண்டு. இதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற பேச்சு ஒருமுறைக்கு மேல் எழுந்து அடங்கிய பிறகு, இப்போது இது பாதுகாக்கப்பட்ட சின்னமாக நிற்கிறது. அழகில்லாத ஒரு கட்டடத்தை அதனுள் விற்கும் கீரைக்காகவும் இறைச்சிக்காகவும் ஒரு நகரம் காப்பாற்றியது பாராட்டத்தக்கதே.

மண்டபம் காலை 8 மணிக்குத் திறக்கிறது. முதல் இரண்டு மணி நேரம் வீட்டுக்கு வாங்க வருவோருடையது. கூடையும் துணிப்பையுமாக வரும் முதியோர், எந்தக் கடையில் எந்த நாளில் எது நன்றாக இருக்கும் என்பதை அறிந்தவர்களாக, விலைப்பலகையைக்கூடப் பாராமல் கடந்து போவர். நண்பகலில் வங்கிக் கோபுரங்களிலிருந்து இறங்கி வருவோர் நின்றபடி உண்டு திரும்புவர். சனிக்கிழமையோ, மாடத்தில் மதுக்கிண்ணமேந்தி நிற்கும் கூட்டத்தால், கடைக்காரரின் குரல்கூடக் கேட்காத அளவுக்கு இரைச்சல் மிகும். ஆகவே, சனி நண்பகலில் இங்கே கூட்டிவரும் வழிகாட்டி தம் வாடிக்கையாளருக்குச் சந்தையைக் காட்டவில்லை, கூட்டத்தைத்தான் காட்டுகிறார் என்று துணிந்து சொல்லலாம்.

ஏழு கீரையின் கட்டு

உள்ளே நுழைந்ததும் எந்த வழிகாட்டியும் தவறாமல் நிறுத்தும் இடம் கீரைக்கடை. அங்கே வெள்ளைத் தாளில் உருட்டிச் சுற்றப்பட்ட, உள்ளங்கையில் அடங்காத ஒரு கட்டு இருக்கும். நம் ஊர்ச் சந்தைகளில் கிடைக்கும் கலவைக்கீரைக் கட்டின் ஜெர்மன் உடன்பிறப்பு என்று அதைச் சொல்லலாம். வெள்ளரி மணமுள்ள போரேஜ், சோம்பின் சாயல் கொண்ட செர்வில், காரமான கிரெஸ், பார்ஸ்லி, பிம்பினெல், நம் சுக்கான் கீரையின் உறவான புளிப்புக் கீரை, வெங்காயத்தாளின் மெல்லிய வடிவமான சிவ்ஸ் என ஏழு வகை இலைகள் அதில் சேர்ந்திருக்கும். இவற்றைப் பொடியாக அரிந்து, புளித்த பாலேட்டிலோ தயிரிலோ கலந்து, உப்பும் கடுகுச் சாந்தும் சேர்த்தால் கிடைப்பதே கிரூன சோச, நகரத்துக் கொச்சையில் கிரீ சோஸ், தமிழில் பச்சைக் குழம்பு. அடுப்பேற்றாமல், குளிர்ந்தபடியே, வேகவைத்த உருளைக்கிழங்கோடும் அவித்த முட்டையோடும் அது உண்ணப்படுகிறது. இலைகளைக் கத்தியால்தான் அரிய வேண்டும், மின் அரைவையில் போட்டால் சாறு கசந்துவிடும் என்று முதிய இல்லத்தரசியர் சொல்வதில் உண்மை உண்டு. அம்மியில் அரைத்ததற்கும் மிக்சியில் அரைத்ததற்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த எவரும் அதை மறுக்கமாட்டார்.

இந்தக் கீரைகளின் தாயகம் மைன் ஆற்றின் தென்கரையிலுள்ள ஓபர்ராட் என்னும் தோட்டப்பகுதி. 2016இல் ஐரோப்பிய ஒன்றியம் பிராங்பேர்ட் பச்சைக் குழம்புக் கீரைக்குப் புவிசார் குறியீடு வழங்கியது. புவிசார் குறியீடு என்பது, மதுரை மல்லிக்கும் பழனிப் பஞ்சாமிர்தத்திற்கும் இந்தியாவில் கிடைத்திருப்பதைப் போல, ஒரு பொருளின் பெயரை அது விளையும் மண்ணுக்கு மட்டும் உரிமையாக்கும் சட்டக் காப்பு. அதற்கும் முன்பே, 2007இல், ஓபர்ராட் வயலோரத்தில் இந்த உணவுக்கென ஒரு நினைவுச் சின்னம் எழுந்துவிட்டது: ஒவ்வொரு கீரைக்கும் ஒன்றாக, வெவ்வேறு பச்சைச் சாயலில் ஏழு சிறு கண்ணாடிக் குடில்கள். மன்னருக்கும் தளபதிக்கும் சின்னம் எழுப்பிய கண்டத்தில் கீரைக்கும் ஒன்று உண்டு என்பதைக் கேட்டுப் புன்னகைக்காத பயணி குறைவு.

இங்கேதான் வழிகாட்டியின் நேர்மை சோதனைக்கு உள்ளாகிறது. கவிஞர் கோதே இந்நகரில் 1749இல் பிறந்தவர் என்பதால், பச்சைக் குழம்பைக் கண்டுபிடித்தவர் அவருடைய தாயார் என்ற கதை பல்லாண்டாகச் சுற்றி வருகிறது. 1808இல் இறந்த அந்த அம்மையாருக்கும் இக்குழம்புக்கும் தொடர்பு காட்டும் சான்று எதுவுமில்லை, அச்சில் கிடைக்கும் முதல் செய்முறை 1860இல் வெளிவந்த ஒரு பிராங்பேர்ட் சமையல் நூலில்தான் இருக்கிறது. பெத்மென்ஷன் என்னும் பாதாம் இனிப்பும் அப்படியே. வங்கியாளர் சீமோன் மோரிட்ஸ் ஃபான் பெத்மனின் வீட்டுச் சமையற்காரர் 1838இல் அதைச் செய்தார், அவருடைய நான்கு மகன்களுக்காக நான்கு பாதாம் பருப்பு பதித்தார், 1845இல் ஒரு மகன் இறந்ததும் பருப்பு மூன்றாகக் குறைந்தது என்று உருக்கமாகச் சொல்வார்கள். கதையில் வரும் வங்கியாளரோ 1826இலேயே காலமானவர். இனிப்பு நன்றாகத்தான் இருக்கிறது, ஆண்டுக்கணக்குதான் இடிக்கிறது. கோயில் தலபுராணத்தைப் புராணமென்று சொல்லிச் சொல்வது ஒரு வகை, வரலாறு என்று விற்பது வேறு வகை.

கீரைக்கடையைக் கடந்தால் மண்டபத்திலேயே மிக நீண்ட வரிசை கண்ணில் படும். ஷ்ரைபர் என்னும் இறைச்சிக் கடையில் சூடான ஃபிளைஷ்வுர்ஸ்ட் வாங்குவதற்கான வரிசை அது. ஃபிளைஷ்வுர்ஸ்ட் என்பது மென்மையாக அரைத்த இறைச்சியைக் குடல் உறையில் அடைத்துச் சுடுநீரில் வேகவைத்த தடித்த தொத்திறைச்சி. எடைபோட்டுத் துண்டாக வெட்டி, உருண்டை ரொட்டியோடும் கடுகுச் சாந்தோடும் தாளில் வைத்துத் தருவார்கள். உலகம் பிராங்பேர்ட்டர் என்ற பெயரில் அறிந்தது இதுவன்று. அது பன்றி இறைச்சியால் ஆன, புகையூட்டப்பட்ட, ஒல்லியான வேறொரு வகை. பிராங்பேர்ட்டில் தொழில் கற்ற யோஹான் கியோர்க் லானர் என்பவர் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வியன்னாவுக்குச் சென்று அங்கே மாட்டிறைச்சியும் கலந்து அதைச் செய்து விற்றார். அதன் விளைவாக வியன்னாவில் அதற்குப் பிராங்பேர்ட்டர் என்றும் ஜெர்மனியில் வீனர், அதாவது வியன்னாக்காரர், என்றும் பெயர் நிலைத்தது. பக்கத்து ஊர்க்காரன் பெயரை ஒருவருக்கொருவர் சூட்டிக்கொண்ட இந்த வேடிக்கை மைசூர்போண்டாவை எண்ணிச் சிரிக்கும் தமிழருக்குப் புதிதல்ல.

புலால் உண்ணாதவருக்கு இச்சந்தையில் ஹாண்ட்கேஸ் உண்டு. திரிந்த பாலின் கட்டியைக் கையால் பிடித்து முதிரவைத்த, வாடை மிகுந்த சிறு வட்டப் பாலாடைக்கட்டி அது. அதன்மேல் காடியும் எண்ணெயும் ஊற்றி, அரிந்த பச்சை வெங்காயத்தைக் கொட்டி, சீமைச் சோம்பு தூவினால் ‘இசையோடு கூடிய ஹாண்ட்கேஸ்’ ஆகிவிடும். இசை எங்கிருந்து வருகிறது என்றால், வெங்காயம் வயிற்றுக்குள் போன பிறகு வருகிறது என்பது நகரின் நெடுநாளைய நகைச்சுவை. இதனோடு குடிக்கும் ஆப்பிள் மதுவான அப்ஃபெல்வைன் புளிப்பும் துவர்ப்பும் மிக்கது. நீலப் பூவேலை கொண்ட சாம்பல் நிறச் சுட்டமண் குடுவையிலிருந்து, வைர வெட்டுப் பதித்த கண்ணாடிக் குவளையில் ஊற்றப்படுகிறது. கொழுப்புப் பிசுக்குள்ள விரலிலிருந்து குவளை நழுவாமலிருக்கவே அந்த வெட்டு என்பர். இந்தப் பழக்கம் 2022இல் ஜெர்மனியின் தொட்டறிய முடியாத பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. முதல் மிடறைப் பலர் முகம் சுளித்தே விழுங்குகின்றனர்; மூன்றாவது குவளைக்குப் பிறகுதான் அதன் அருமை தெரியும் என்று உள்ளூரார் சொல்வதைக் காலைச் சுற்றுலாவில் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை.

பெரிய மண்டபத்தின் அடித்தளம்

சுற்றுலாக்கள் பெரும்பாலும் இத்துடன் முடிந்துவிடுகின்றன. அங்கேதான் குறை. கீரை, தொத்திறைச்சி, பாலாடை, ஆப்பிள் மது என்ற நான்கையும் ‘உள்ளூர் உணவு’ என்று காட்டிவிட்டு நிறுத்தும்போது, ஒரு நகரத்தின் உணவு என்பது அங்கே யார் வந்தார்கள், அங்கிருந்து யார் துரத்தப்பட்டார்கள் என்பதன் பதிவேடு என்ற உண்மை மறைந்துபோகிறது. பிராங்பேர்ட்டின் சந்தையில் அந்தப் பதிவேட்டின் பக்கங்கள் இன்னும் கிழியாமல் இருக்கின்றன, புரட்டத்தான் ஆளில்லை.

ரிண்ட்ஸ்வுர்ஸ்ட் என்னும் மாட்டிறைச்சித் தொத்திறைச்சியை எடுத்துக்கொள்ளலாம். பன்றியைப் பெருமளவில் நம்பும் ஜெர்மன் இறைச்சித் தொழிலில் முழுதும் மாட்டிறைச்சியால் ஆன இவ்வகை பிராங்பேர்ட்டின் தனி அடையாளமாக விளங்குகிறது. 1894இல் நகரின் கிழக்குப் பகுதியான ஓஸ்டெண்டில் தொடங்கப்பட்ட கிரெஃப்-ஃபோல்சிங் என்னும் கடை இதனால் பெயர்பெற்றது. அப்பகுதியில் பெருந்தொகையாக வாழ்ந்த யூதர்களை மனத்திற்கொண்டே பன்றி இறைச்சி சேராத இவ்வகை உருவானது என்று நகர வழக்கு கூறுகிறது. 1933க்கு முன் பிராங்பேர்ட்டில் ஏறத்தாழ 30,000 யூதர்கள் வாழ்ந்தனர். பெர்லினுக்கு அடுத்தபடியாக நாட்டின் பெரிய யூதச் சமூகம் அதுவே.

அதே ஓஸ்டெண்டில்தான் 1928இல் மார்ட்டின் எல்சேசர் என்னும் கட்டடக் கலைஞரின் வரைவில் குரோஸ்மார்க்ட்ஹால என்னும் பெரிய சந்தை மண்டபம் எழுந்தது. 220 மீட்டர் நீளமும் 50 மீட்டர் அகலமும் கொண்டு, மெல்லிய கான்கிரீட் ஓடுகளை வளைத்துக் கூரையிட்ட அது, தூண் இடையிடாத பெருவெளியாக அக்காலத்துப் பொறியியல் வியப்பாக மதிக்கப்பட்டது. வட்டாரத் தோட்டக்காரரும் இறக்குமதி வணிகரும் விடியுமுன்னே வந்து காய்கனி ஏலம் கூறிய அம்மண்டபத்திற்கு நகர மக்கள் சூட்டிய செல்லப்பெயர் ‘காய்கறித் தேவாலயம்’. 1941 அக்டோபர் 19 அன்று, அம்மண்டபத்தின் கிழக்குப் பகுதி அடித்தளம் வேறொரு பயனுக்கு ஆளானது. நாஜி ஆட்சியின் இரகசியக் காவல்துறை, நகரின் யூதக் குடும்பங்களை வீடுகளிலிருந்து இறக்கி அங்கே கூட்டி, உடைமைகளைப் பறித்து, மண்டபத்தை ஒட்டிய தண்டவாளத்திலிருந்தே ரயிலேற்றி அனுப்பியது. அந்த முதல் ரயிலில் மட்டும் 1,100க்கு மேற்பட்டோர் போலந்தின் வூட்ச் நகரில் யூதர்களை அடைத்துவைத்த குடியிருப்புக்குக் கொண்டு செல்லப்பட்டனர். 1945 வரை இவ்வாறு பிராங்பேர்ட்டிலிருந்தும் சுற்றுப்புறத்திலிருந்தும் அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 10,000 பேர், அவர்களுள் உயிர் மீண்டவர் மிகச் சிலர். சரக்கு ஏற்ற இறக்க வசதியான தண்டவாளமும், குளிர்ச்சிக்காக ஆழத் தோண்டிய நிலவறையும், நகர மையத்திலிருந்து சற்று விலகிய இடமும் ஆகிய, ஒரு காய்கறிச் சந்தைக்கு வேண்டிய அத்தனை வசதிகளும் கொடுமைக்கும் அப்படியே பயன்பட்டன. மேலே காய்கறி வணிகம் தொடர்ந்து நடந்துகொண்டிருந்தது.

2004இல் மொத்தச் சந்தை நகரின் வடபகுதிக்கு இடம் மாறியது. அம்மண்டபத்தை உள்ளடக்கியே ஐரோப்பிய மத்திய வங்கியின் இரட்டைக் கோபுரம் கட்டப்பட்டு 2015இல் முறைப்படி திறக்கப்பட்டது. அதே ஆண்டில் அடித்தளமும் தண்டவாளப் பகுதியும் நினைவிடமாக்கப்பட்டன. வங்கி வளாகத்திற்கு வெளியே உள்ள பகுதியை எவரும் எப்போதும் காணலாம். உள்ளே உள்ள நிலவறையை நகரின் யூத அருங்காட்சியகத்தின் வழியே முன்பதிவு செய்து, வழிகாட்டியுடன் மட்டுமே காண முடியும். உணவுச் சுற்றுலாவில் இதைச் சேர்த்தால் பயணிகளின் பசி கெட்டுவிடும் என்று நடத்துவோர் அஞ்சக்கூடும். ரிண்ட்ஸ்வுர்ஸ்டை உண்ணக் கொடுத்துவிட்டு அதை விரும்பி வாங்கியவர்கள் எங்கே போனார்கள் என்பதைச் சொல்லாமல் விடுவது அதைவிடக் கெட்டது.

வந்தவர்களின் கடை

துரத்தப்பட்டோரின் பக்கத்தை அடுத்து வந்துசேர்ந்தோரின் பக்கம். கிளைன்மார்க்ட்ஹால திறந்த மறு ஆண்டு, 1955இல், போரில் ஆள்பலம் இழந்திருந்த மேற்கு ஜெர்மனி தன் ஆலைகளுக்கு உழைப்பாளர்களை வரவழைக்க இத்தாலியோடு ஒப்பந்தம் செய்துகொண்டது; 1960இல் ஸ்பெயினும் கிரேக்கமும், 1961இல் துருக்கியும், 1968இல் யூகோஸ்லாவியாவும் அவ்வரிசையில் சேர்ந்தன. ‘விருந்தாளித் தொழிலாளர்’ என்று பொருள்படும் சொல்லால் அழைக்கப்பட்ட அவர்கள் சில ஆண்டுகளில் திரும்பிவிடுவார்கள் என்றே அரசு எண்ணியது. விருந்தாளிகள் தங்கிவிட்டனர், ஆலிவும் பூண்டும் கத்தரிக்காயும் உலர்த்திய பன்றித்தொடையும் அவர்களோடு தங்கிவிட்டன. இன்று முயல் சந்து மண்டபத்தில் பாதிக்கும் மேலான வாசம் மத்தியதரைக் கடலிலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் வருவதுதான். நகர மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் தாமோ தம் பெற்றோரோ புலம்பெயர்ந்து வந்தவர்களாக இருக்கும் ஊரில், எது உள்ளூர் உணவு என்ற கேள்விக்குக் கீரைக்கட்டு மட்டும் விடையாகாது.

தமிழரின் பக்கமும் இந்தப் பதிவேட்டில் உண்டு. 1983 ஜூலைக் கலவரத்தை ஒட்டிய ஆண்டுகளில் இலங்கைத் தமிழர் பலர் கிழக்கு பெர்லின் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து மேற்கு பெர்லினுக்குள் நுழைந்து தஞ்சம் கோரினர். ஜெர்மனியெங்கும் பிரித்து அனுப்பப்பட்ட அவர்களில் ஒரு பகுதியினர் பிராங்பேர்ட் வட்டாரத்தில் குடியமர்ந்தனர். பிற்காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து கணினித் துறையினரும் வந்து சேர்ந்தனர். இவர்கள் வாங்கும் மரக்கறி (இலங்கைத் தமிழில் காய்கறிக்கு இதுவே சொல்) கிடைக்கும் இடம் முயல் சந்து அல்ல. 1888இல் திறக்கப்பட்ட நடுவண் ரயில் நிலையத்தின் எதிரே விரியும் பான்ஹோஃப்ஸ்ஃபியர்டெல், அதாவது நிலையப் பேட்டை. அங்குள்ள மூன்ஷனர் வீதியிலும் அதன் அண்டைத் தெருக்களிலும் துருக்கி, ஆப்கன், பாகிஸ்தான், இந்திய, இலங்கைக் கடைகள் அடுத்தடுத்து நிற்கின்றன. விமானத்தில் வந்திறங்கிய முருங்கைக்காயும் கருவேப்பிலையும் பாகலும் அங்கே பெட்டியோடு அடுக்கப்படுகின்றன.

அந்தப் பெட்டிகளுக்குப் பின்னும் ஒரு சட்ட வரலாறு இருக்கிறது. இந்தியாவிலிருந்து வந்த சரக்கில் பழ ஈ முதலிய பூச்சிகள் காணப்பட்டதைக் காரணமாகக் காட்டி, ஐரோப்பிய ஒன்றியம் 2014 மே 1 முதல் இந்திய மாம்பழம், கத்தரி, பாகல், புடல், சேம்பு ஆகியவற்றின் வரத்தைத் தடைசெய்தது. மாம்பழத்திற்கு 2015இன் தொடக்கத்திலும் மற்றவற்றுக்கு 2017இலும் தடை நீங்கியது. ஒரு புடலங்காய்க் கூட்டுக்காக பிரசல்ஸில் கையெழுத்தாகும் ஆணையை எதிர்பார்த்துக் கிடந்த வீடுகள் பிராங்பேர்ட்டில் இருந்தன என்பதை, மாதம் முழுதும் பச்சைக் குழம்பைப் பற்றியே பேசும் வழிகாட்டிகள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. நிலையப் பேட்டைக்கும் சுற்றுலாக்கள் போகின்றன; ஆனால் அவற்றுள் பல, அப்பகுதியின் விலைமாதர் விடுதிகளையும் போதைப்பொருள் அவலத்தையும் காட்டுவதற்காகவே போகின்றன. ஒரு பேட்டையின் துயரத்தைக் காட்சிப்பொருளாக்கி, அதே தெருவில் காலை எட்டு மணிக்குக் கொத்தமல்லிக் கட்டு பிரிக்கும் கடைக்காரரைக் காணாமல் கடந்து செல்வது சுற்றுலா வழிகாட்டிகளுக்குப் பெருமை தருவதல்ல.

வழிகாட்டியின் தகுதி

ஜெர்மனியில் நகர வழிகாட்டி என்ற தொழிற்பெயருக்குச் சட்டக் காப்பு இல்லை. உரிமத் தேர்வின்றி எவரும் தம்மை அவ்வாறு அழைத்துக்கொள்ளலாம். அதனால் தரம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. நல்ல வழிகாட்டியை அடையாளம் காணச் சில குறிகள் உண்டு. கடைக்காரருக்கு வாடிக்கையாளர் வரிசை நீளும் நேரத்தில் அவர் கூட்டத்தை ஒதுக்கி நிறுத்துவார். ருசிபார்க்கும் துண்டுக்கு உரிய விலையைக் கடைக்குக் கொடுத்திருப்பார். ஐரோப்பியச் சட்டம் 2014 டிசம்பர் முதல் கட்டின்றி விற்கும் உணவுக்கும் கட்டாயமாக்கியுள்ள 14 ஒவ்வாமைப் பொருள்களின் விவரத்தை, அதாவது பால், முட்டை, கடுகு, கோதுமைப் பசை முதலியவை எதில் உண்டு என்பதை, முன்கூட்டியே சொல்வார். இவற்றிலெல்லாம் முதலாவதே முதன்மையானது. பதினைந்து பேர் வாங்காமல் சூழ்ந்து நின்று படம் எடுக்கும் கடைக்கு, வாங்க வரும் மூதாட்டி திரும்பவும் வரமாட்டார். அப்படி நாலு மூதாட்டிகள் வராமற்போனால் கீரைக்கடை நினைவுப்பொருள் கடையாகிவிடும். ஐரோப்பாவின் பழம்பெரும் சந்தை மண்டபங்கள் சில அவ்வாறே பழச்சாற்றுக் கிண்ணங்களின் காட்சிக்கூடங்களாக மாறிவிட்டன. பிராங்பேர்ட் இன்னும் அந்த நிலையை எட்டவில்லை.

எட்டாதிருப்பதற்கு ஒரு காரணம், முயல் சந்திலிருந்து சில நிமிட நடையில் கோன்ஸ்டாப்லர்வாக சதுக்கத்தில் வியாழனும் சனியும் கூடும் உற்பத்தியாளர் சந்தை. வட்டாரத்து விவசாயிகளே நேரடியாக வந்து விற்கும் இச்சந்தை 1989இல் தொடங்கியது. பத்தாண்டு கழித்து, 1999 நவம்பரில், மதுரையில் தமிழகத்தின் முதல் உழவர் சந்தை திறக்கப்பட்டபோது அதன் நோக்கமும் இதுவே: இடைத்தரகர் இன்றி விளைவித்தவர் கையிலிருந்து உண்பவர் கைக்கு. ஒன்று நகர நடுவில் மதுக்குவளையோடு கூடிக் களிக்கும் இடமாகவும் வளர்ந்தது. மற்றொன்று விடியற்காலையில் கூடி முற்பகலில் கலையும் கண்டிப்பான கடைவீதியாகவே நின்றது. இரண்டையும் பார்த்தவர்கள் எது மேல் என்று வாதிடட்டும். மதுரைக்கும் கோயம்பேட்டுக்கும் அயல்நாட்டாரை அழைத்து வரும் தமிழக வழிகாட்டிகள் பரோட்டாவையும் ஜிகர்தண்டாவையும் தாண்டி உழவர் சந்தையின் காலை ஆறு மணியைக் காட்டத் தொடங்கினால், அதில் சொல்வதற்கும் கதை நிறைய உண்டு.

பிராங்பேர்ட் விமான நிலையத்தில் அடுத்த விமானத்திற்காகப் பகல் நேரத்தில் ஆறேழு மணி நேரம் காத்திருக்க நேரும் தமிழ்ப் பயணிகள், ஷெங்கன் விசா கையிலிருந்தால், நிலையத்தின் அடியிலிருந்தே புறப்படும் எஸ் 8 அல்லது எஸ் 9 நகர ரயிலில் ஏறி, கால் மணி நேரத்திற்குச் சற்றுக் கூடுதலான பயணத்தில் கோன்ஸ்டாப்லர்வாகவில் இறங்கி, முயல் சந்துக்கு நடந்து சென்றுவிடலாம். பத்து மணிக்குள் போவது நல்லது. படம் எடுக்குமுன் ஏதேனும் ஒன்றை வாங்குவது அதைவிட நல்லது. ஞாயிற்றுக்கிழமைகளில் மண்டபம் திறப்பதில்லை.